கொழுப்பு குறைந்த வருஷம்

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வருகிறவர்களை 'வாங்க' என்று கேட்க வேண்டும். கேட்பது என்றால் கேள்வி இல்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குத்தான் கேட்பது என்று பெயர். வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தாலும் தீயைக் குறைத்துவிட்டு வந்து, முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். ஒருத்தர் விட்டாலும் போச்சு. வந்தவர் சிரித்துப் பேசிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்; ஊர் போய்ச் சேர்ந்ததும், "அந்தப் புள்ள ஒரு வாங்க கேக்கலியே" என்று ஆரம்பிப்பார். சொந்தத் தம்பி வீட்டில் யாரோ வாங்க கேட்கவில்லை என்று சாகும்வரை அந்த வாசலை மிதிக்காமல் இருந்த பெரியம்மா ஒருத்தி எனக்கு உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்களுக்குச் சிரிப்பில்லை.

என் மாமனார் இதில் யாரும் குறை சொல்ல முடியாத மனுஷர். எங்கள் பனியன் ஊரில், ராயபுரத்து வீட்டு கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கரண்ட் கணக்கெடுக்க வருகிறவர், வேஸ்ட் துணி எடுக்க வருகிறவர், வழி கேட்டு நிற்கிறவர், எல்லாருக்கும் ஒரு வாங்க. அனுப்பர்பாளையத்தில் எங்களுக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி இருக்கிறது. அங்கே ஒரு டெய்லரை வேலையை விட்டு அனுப்பும்போதுகூட, "நாளையில இருந்து நீங்க வர வேண்டாமுங்க, கோவிச்சுக்காதீங்க" என்றுதான் அனுப்பினார். ஒடிசாவிலிருந்து வந்து எங்களிடம் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவர் தமிழ் கற்றதே மாமாவின் வாயைப் பார்த்துத்தான். அதனால் அவர் கம்பெனி நாயைக்கூட "போங்க, அக்கட்டால போங்க" என்று மரியாதையாகத்தான் விரட்டுவார்.

என் அப்பா கொமரலிங்கத்தில் அமராவதித் தண்ணியில் நெல் போடுகிறவர். மாசத்துக்கு ஒரு தடவை உடுமலையில் பஸ் மாறி, அரிசியோ தேங்காயோ ஒரு பையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்துவிடுவார். என்னைப் பார்க்க என்பது பேருக்கு. வருவது சம்பந்தியைப் பார்க்கத்தான். மாமா கேட்டிலேயே எழுந்து நின்று, "வாங்க சம்மந்தி, வாங்க வாங்க" என்று மூன்று வாங்க கேட்பார். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்தால் அப்பா நூல் விலை என்னாச்சு என்பார், மாமா டேமில் தண்ணி விட்டாச்சா என்பார். ஒருத்தர் தொழில் ஒருத்தருக்குத் தெரியாது. ஆனாலும் மத்தியானம் வரை ஓடும். கல்யாணமாகி வந்த புதிதில் புருஷன் வீட்டில் எனக்கு ஆயிரம் குறை இருந்தது. இந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்கும்போது, சரி, பரவாயில்லை, இருந்துக்கலாம் என்று தோன்றும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மாமாவுக்கு ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்பது அவருடைய ஐம்பது வயதிலேயே தெரியும். கம்பெனியில் யாரோ முகாம் போட்டு ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் மாத்திரை எழுதினார். "இதெல்லாம் உழைச்சாக் கரைஞ்சிருமுங்க" என்று மாமா மரியாதையாகச் சீட்டை வாங்கி மடித்து ஜோப்பில் வைத்துக்கொண்டார். அது அங்கேயே சட்டையோடு துவைபட்டுக் கிழிந்தது. நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த பிறகுதான் மாத்திரை ஆரம்பித்தது. அப்போது அறுபது தாண்டிவிட்டது. மாமியாரும் போய்விட்ட பிறகு அவர் சாப்பாடு என் கைக்கு வந்தது.

என்னைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்வார்கள், நான் பிடித்தால் பிடிதான். நெய்யை நிறுத்தினேன், தேங்காயைக் குறைத்தேன், ஞாயிற்றுக்கிழமைக் கறியில் கொழுப்பை நறுக்கி எறிந்தேன். கம்பெனியில் என் வேலை செக்கிங். முடிந்த பீஸை மேஜையில் விரித்து, டேப் வைத்து, அளவு சார்ட்டோடு பார்ப்பது. அளவுக்குள் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் தள்ளிவிட வேண்டியது. ரத்தப் பரிசோதனைத் தாளையும் நான் அப்படித்தான் படித்தேன். ஒரு பக்கம் மாமாவின் எண், எதிரே இருக்க வேண்டிய அளவு. ஒவ்வொரு தடவையும் எண் இறங்கியது. கெட்ட கொழுப்பு இறங்கியது, மொத்தக் கொழுப்பு இறங்கியது. பாஸ். தாளைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டேன். என்னென்ன கொடுக்கிறாய் என்று நாத்தனார்கள் கேட்டார்கள். கொள்ளு ரசம், பார்லிக் கஞ்சி என்று பெருமையாகப் பதில் எழுதினேன். எழுபத்திரண்டு வயதில் மாமாவுக்குச் சட்டை தொளதொளவென்று ஆனது. இளைத்து ஆள் நன்றாகிவிட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதே வருஷம்தான் இன்னொரு கொழுப்பு ஏறியது.

முதலில் கரண்ட் கணக்கெடுக்க வந்தவரை "என்னடா" என்றார். வெயில் காரணம் என்று நினைத்தோம். பிறகு கம்பெனியில் ஒடிசாக்காரரை, "போடா வேலையப் பாத்துட்டு" என்றாராம். அந்த மனிதர் என்னிடம் வந்து, "அக்கா, அய்யா 'ங்க' போடறதில்லீங்க" என்று பாவம் போலச் சொன்னார். பக்கத்து வீட்டு அம்மாவைத் தெருவில் வைத்து "ஏ" என்று கூப்பிட்டார். வாய்க்கொழுப்பு என்று அந்த அம்மா கேட்டைச் சாத்திக்கொண்டது. கம்பெனிப் பொறுப்பை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டதில் பெரியவருக்குக் கடுப்பு, அதை ஊர் மேல் காட்டுகிறார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். மறதி என்றால் கவனித்திருப்போம். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடவில்லை, பேரக்குழந்தைகள் பெயர் மாறவில்லை, நூல் விலையைத் தலைகீழாக ஒப்பிப்பார். 'ங்க' மட்டும் போனது.

ஆடி பிறப்பதற்கு முன்னால் அப்பா வந்தார். புது அரிசி, ஒரு சீப்பு வாழைப்பழம். நான் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மேலிருந்து பார்க்கிறேன், அப்பா கேட்டைத் திறந்து உள்ளே வந்து, வழக்கம்போல அந்த மூன்று வாங்கவுக்காக முகத்தில் சிரிப்போடு நிற்கிறார். மாமா நாற்காலியில் இருந்து எழவில்லை. பேப்பரை இறக்கி, அப்பாவை மேலும் கீழும் பார்த்து, "என்ன, மறுக்கா வந்துட்டயா" என்றார். அவ்வளவுதான். மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

நான் படியில் ஓடி வந்தேன். அப்பா பையை வாசற்படி ஓரம் வைத்துவிட்டார். நான் வாங்க கேட்டேன், உள்ளே வரச் சொன்னேன், சொம்பில் தண்ணி கொண்டுவந்தேன். அப்பா அந்தச் சொம்பைத் தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். குடிக்கவில்லை. பொண்ணு கொடுத்த வீட்டில் தண்ணி குடிக்காமல் ஒரு மனுஷர் திரும்பினால் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டோ பிடித்து நானும் கூடவே பஸ் ஸ்டாண்டு வரை போனேன்.

"உங்க மாமனாருக்குக் கொழுப்பு ஏறிப் போச்சு கண்ணு" என்றார் அப்பா.

"இல்லீங்கப்பா, போன வாரந்தான் டெஸ்ட் எடுத்தோம். குறைஞ்சிருக்குது" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. "அவரு வாயால வாங்கன்னு ஒரு வார்த்த கேக்கட்டும் சாமி. அன்னைக்கு வர்றன். அது வரைக்கும் நீங்க வந்து என்னையப் பாத்துட்டுப் போங்க" என்று பஸ் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்து நான் சும்மா இருக்கவில்லை. மாமாவுக்கு எதிரே போய் நின்றேன். "எங்கப்பாவ ஏனுங்க மாமா வாங்கன்னு கேக்கல? அவரு என்ன கை நீட்டீட்டா வந்தாரு?" என்றேன். மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்கப்பன் எப்ப வந்தான்" என்றார். வந்தான். அப்பா குடிக்காத அந்தச் சொம்பை எடுத்துத் தரையில் எறிந்தேன். பாசாங்கு என்றுதான் நினைத்தேன். ராத்திரி வீட்டுக்காரர் "வயசாச்சு, உடு" என்றார். "உங்கப்பாருக்கு வயசாச்சுன்னா எங்கப்பாருக்கு மட்டும் என்ன, மீசை மொளைக்குதா?" என்று அவரையும் ஒரு பிடி பிடித்தேன்.

ஆடி போனது. தீபாவளிக்குச் சீர் என் தம்பி கையில் வந்தது. அப்பா வரவில்லை. போனில் என்னோடு பேசுவார், பேரக்குழந்தைகளோடு பேசுவார், சம்பந்தியைக் கேட்கவே மாட்டார். இரண்டு பேருக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது. யாராவது ஒருத்தர் போய்விட்டால் இந்த ஒரு வாங்க கடைசிவரை கேட்காமலேயே போய்விடும். பெரியம்மா கதை என் வீட்டிலேயே நடக்கப்போகிறது என்ற பயம் பிடித்துக்கொண்டது.

தை மாசம் ரத்தம் எடுத்தோம். எண் இன்னும் இறங்கியிருந்தது. வழக்கமான டாக்டர் ஊரில் இல்லை; அதே ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த ஒரு லேடி டாக்டர் பார்த்தார். திருநெல்வேலிப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது. நான் தாளை நீட்டிக்கொண்டு, பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவர் தாளைப் பார்த்தார், மாமாவின் சட்டைக் காலரைப் பார்த்தார், எடை போடச் சொன்னார், பழைய தாள்களையும் வாங்கி அடுக்கிப் பார்த்தார். நல்லாருக்கு என்று சொல்லவே இல்லை.

"மாத்திர ஏதும் கூட்டினாங்களாம்மா?"

"இல்லீங்க, அதேதான்."

"பேச்சுல, பழக்கத்துல ஏதும் மாத்தம் தெரியுதா?"

"ங்க போயிருச்சுங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். நான் விடவில்லை. எங்கள் ஊரில் ஒருத்தர் வாயில் 'ங்க' போவது என்றால் என்ன, இந்த மனுஷர் வாயில் அது போவது என்றால் என்ன, என் அப்பா தண்ணி குடிக்காமல் போனது வரை எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு மாமாவிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார். மாமா வட்டம் போட்டார். எண்களை எல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதினார். மறுபக்கம் வெறுமையாக இருந்தது. பேனாவைக் கீழே போட்டு, "போதும் போடி" என்றார். டாக்டருக்குக் கோபம் வரவில்லை. இது வாய்க்கொழுப்பு இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஸ்கேன் எல்லாம் எடுத்து முடித்துத்தான் நிச்சயமாகச் சொன்னார்கள். டிமென்சியா. மூளைக்குப் போகிற சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் பழுதாகியிருக்கின்றன, முன்பக்கம் சுருங்கியிருக்கிறது. "எல்லாருக்கும் மொதல்ல மறதிதான் வரும்னு இல்லம்மா. சில பேருக்கு மரியாத மொதல்ல போகும்" என்றார் டாக்டர்.

"கொழுப்பு இவ்வளவு குறைஞ்சும் எப்படிங்க?" என்று கேட்டேன். நெய்யை நிறுத்தியது, கொள்ளு ரசம், பார்லிக் கஞ்சி எல்லாவற்றையும் சொன்னேன்.

"நடு வயசுல அது பல வருஷம் கூடியே கெடந்தா, இருதயத்துக்கு மட்டுமில்ல, பின்னால மூளைக்கும் ஆபத்து கூடும். வந்தே தீரும்னு இல்ல, வாய்ப்பு கூடும். எழுவதுக்கு மேல கணக்கு வேற. மாத்திர அதே, ஆனா எடையும் கொழுப்பும் தன்னால எறங்கிக்கிட்டே போகுதுன்னா, ஏன்னு கேக்கணும். சில பேருக்கு வெளிய தெரியறதுக்கு முன்னாடியே இப்படி எறங்கும். எறங்குனதால நோய் வரல, நீங்க நெய்ய நிறுத்துனதாலயும் வரல. மாத்திரைய நிறுத்திராதீங்க. இந்த ஒரு நம்பர மட்டும் பாத்து நல்லதுன்னோ கெட்டதுன்னோ சொல்ல முடியாதும்மா, அவ்வளவுதான்."

செக்கிங்கில் இருக்கிற எனக்கு இது தெரியாதா? அளவுக்கு மேல் பெரிதாகத் தைத்த பீஸ் ஒன்று, துவைத்து வந்த பிறகு சரியாக அளவுக்குள் விழும். புதிதாக வந்தவர்கள் பாஸ் போட்டுவிடுவார்கள். நான் போட மாட்டேன். அது அளவுக்கு வரவில்லை, துணி சுருங்கிக்கொண்டிருக்கிறது, அடுத்த துவையலில் இன்னும் சுருங்கும். எத்தனையோ பேரைத் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் ஒரு மனுஷர் என் கண் முன்னால் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறார்.

எழுந்து வரும்போது டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இவருக்கு நாம பாத்துக்கலாம். ஒங்க ரத்தத்த எப்ப பாத்தீங்க?" என்றார். அவருக்கும் ஐம்பது நடக்கிறது. எடுத்துப் பார்த்தால் மாமாவின் பழைய எண்ணைப் போலவே இருந்தது அந்த எண். "உழைச்சாக் கரைஞ்சிரும்" என்று இவரும் வாயைத் திறந்தார், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். இப்போது மாத்திரை போடுகிறார். ஆனால் சாயப்பட்டறைக்காரரிடம் போனில் பேசும்போது எப்போதாவது "டேய்" என்று கத்தினால் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிடுகிறேன். கோபத்தில் கத்துகிறாரா, வேறெதுவுமா? பக்கத்தில் போய் நின்று, அடுத்த வாக்கியத்தில் 'ங்க' வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறேன். இதை என்னவென்று அவரிடம் சொல்ல?

மறுவாரம் கொமரலிங்கம் போனேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து, நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நோவுன்னா நூல் வெல மட்டும் எப்படிக் கண்ணு நெனப்பிருக்குது? என்னைய வாங்கன்னு கேக்கறது மட்டும் மறந்து போச்சாமா?"

"மறக்கலீங்கப்பா. அந்த எடம் சுருங்கிப் போச்சாமுங்க."

"எல்லாங் கொழுப்பு" என்றார், ஆனால் குரல் இறங்கிவிட்டது.

"கொழுப்புத்தானுங்க. நீங்க சொல்ற கொழுப்பு இல்லீங்க" என்றேன். அதற்கு மேல் முடியவில்லை. கல்யாணமாகிப் போன அன்றைக்குக்கூட அழாதவள், அப்பா முன்னால் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். அப்பா துண்டை எடுத்துக் கொடுத்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மாசி கடைசியில் ஒரு காலை நேரம், கேட் திறக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அப்பா. கையில் வழக்கம்போல ஒரு பை. மாமா வழக்கமான நாற்காலியில். நான் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன், ஆனால் வாங்க கேட்கவில்லை. முதலில் மாமா கேட்கட்டும் என்று வாயை இறுக்கிக்கொண்டு நின்றேன். கேட்டுருங்க மாமா, ஒரே ஒரு தடவை கேட்டுருங்க என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். மாமா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கேட்டைப் பிடித்தபடி நின்றார். நெடுநேரம் நின்றார். அவர் முகம் சுருங்கியது, திரும்பிவிடுவார் என்றே நினைத்தேன்.

அப்பா பையைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றினார். மாமாவுக்குப் பக்கத்தில் வந்து இரண்டு கையையும் கூப்பி, "வாங்க சம்மந்தி. வாங்க, வாங்க" என்று கேட்டார். விருந்துக்கு வந்தவர், வீட்டுக்காரரை, அவருடைய வாசலிலேயே.

மாமா சடாரென்று எழுந்துவிட்டார். வேட்டியைச் சரி செய்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "வர்றனுங்க, வர்றனுங்க. ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்றார்.

'ங்க' ஒன்றுகூட விடவில்லை. எத்தனை மாசத்துக்குப் பிறகு அந்தக் குரல். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. அப்பா அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். மாமா வாசற்படியில் செருப்பை ஓரமாக, மற்றவர்கள் வழியில் இல்லாமல் கழற்றி வைத்தார். தினமும் சாய்ந்து உட்கார்கிற சோபாவில் சாயாமல் ஓரத்தில் உட்கார்ந்தார். மாமியார் படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். நான் இரண்டு சொம்பில் தண்ணி கொண்டுவந்தேன். அப்பா முழுச் சொம்பையும் குடித்தார். மாமா ஒரு மடக்குக் குடித்துவிட்டு என்னிடம், "தண்ணி நல்லாருக்குதுங்கம்மா. உங்குளுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் தன் வீட்டில் இல்லை. யாரோ வீட்டுக்கு ஒறம்பரையாக, விருந்தாளியாக வந்திருக்கிறார். அதனால்தான் அவ்வளவு மரியாதை.

அப்பாவுக்கும் விளங்கிவிட்டது. சொம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மாமா கொஞ்ச நேரம் நூல் விலை பேசினார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து கை கூப்பினார்.

"அப்பறம் நாங்க கெளம்பறமுங்க."

"இருங்க சம்மந்தி, ஒரு வாய் சாப்ட்டுப் போலாமுங்க" என்றார் அப்பா.

"இல்லீங்க, ஊட்ல தேடுவாங்க" என்றார் மாமா.

அப்பா எழுந்து அவர் தோளைப் பிடித்து மெல்ல உட்கார வைத்தார். நான் இலை போடப் போனேன்.